செல்லோவுக்குச் சுருதி சேர்த்தவள்

சந்திரலேகாவின் வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அவரவர் வாத்தியத்தை அவரவர்தான் தொட வேண்டும். அவள் குமராட்சிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கர்நாடக சங்கீதம் படித்து, சிதம்பரத்தில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுக்கிறாள். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறாள். கணவர் அன்பரசுக்குக் குடிகாட்டில் ஓர் ஆலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் செல்லோ, பெரிய வயலின் மாதிரி ஒரு வாத்தியம். இரண்டு வீட்டாரும் முகத்தைத் திருப்பிக்கொண்ட கல்யாணம்தான். ஆனால் சாமியைப் பற்றி இவர்கள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. போட்ட சண்டையெல்லாம் வாத்தியத்தைப் பற்றித்தான்.

அவள் தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, செல்லோவின் பெரிய உடம்பை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொள்வார். அவளுடைய விரல் தந்தியில் வழுக்கி ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்தைத் தொட்டுவரும்; அது கமகம். அவருடைய விரல் ஊன்றிய இடத்தை விடாமல் நின்றபடியே ஆடும். அதற்கு வைப்ரேட்டோ என்று பெயர்.

“ஒன் வெரலு ஒரு எடத்துல குந்தாது லேகா. ஊர் சுத்திக்கினே இருக்குது” என்பார்.

“ஒங்க வெரலுக்கு மட்டும் என்னவாம்? குளிர் ஜொரம் வந்தாப்ல நடுங்குது.”

அந்த நடுக்கத்தைக் கேட்கத்தான் அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறை வாசலில் நிற்பாள். அதை அவரிடம் சொல்லித் தொலைத்ததே இல்லை.

போன வருஷம் அன்பரசுக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்ததே பெரிய காரியம். இடது கை மட்டும் சோர்ந்துவிட்டது. “விடாம வாசிக்கச் சொல்லுங்கம்மா. வெரலுக்கு அதவிட நல்ல பயிற்சி இல்ல. மொத சில மாசம்தான் முக்கியம்” என்றார் டாக்டர். கூடவே, கேட்கும் திறனிலும் மாற்றம் இருந்தாலும் இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். அன்பரசுக்கு அந்த ஒரு வார்த்தைதான் மனசில் தங்கியது. கை போனாலும் போகட்டும், சுரம் தெரியாமல் போனால் அப்புறம் நான் எதற்கு என்று பயந்தே போனார்.

ஆஸ்பத்திரி நாட்களில் செல்லோ மூலையில் கிடந்து தந்திகள் இளகியிருந்தன. சோர்ந்த கையோடு தந்தி கட்டிய பிரடையை முறுக்கி அவர் அல்லாடக் கூடாதே என்று, அவர் கண்ணயர்ந்த நேரத்தில் சந்திரலேகா முதல் தடவையாக அதைத் தொட்டாள். தன் வயலினுக்குச் சேர்ப்பதுபோலவே சேர்த்தாள். கனத்த தந்தி சட்ஜம், அடுத்தது பஞ்சமம், மறுபடி சட்ஜம், பஞ்சமம். சுத்தமாக நின்றது. பரிதாபப்பட்டுச் செய்ததாகத் தெரிந்தால் கோபித்துக்கொள்வார் என்று வாயே திறக்கவில்லை.

மறுநாள் அவர் வில்லை எடுத்தார். தந்திகள் விறைப்பாக இருந்ததால் சுருதி பார்க்கவில்லை. பெரிய வெள்ளிக்கு வழக்கமாக வாசிக்கும் பாட்டு. முதல் வரி முடிவதற்குள் முகம் வெளுத்தது. மறுபடி வாசித்தார். பாட்டு கோணலாகத்தான் வந்தது. கை சொன்னபடி கேட்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“எப்டி இருக்குது, லேகா?”

மனசு நோகக் கூடாதே! “நல்லாத்தாங்க இருக்குது” என்றாள்.

அன்பரசு அவளையே பார்த்தார். “ஒனக்கு நல்லா கேக்குதா? அப்ப எங்காதுதான் போச்சு.”

செல்லோவை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். அதோடு சரி. விரல் பயிற்சியும் நின்றது. “செவிடனுக்கு எதுக்கும்மா கை?” என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். மாசங்கள் ஓடின.

அவளால் தாங்க முடியவில்லை. அந்த நடுக்கம் வீட்டில் மறுபடி கேட்டால் மனுஷன் எழுந்து உட்காருவார் என்று நம்பி, சர்ச்சில் வயலின் வாசிக்கும் பாலகுமாரிடம் வைப்ரேட்டோ பழகப் போனாள். அவளைவிட வயசில் சின்னவன். அவள் விரலை வைத்து அசைத்தாள். அசைத்ததும் அது பழக்க தோஷத்தில் கமகமாக மேலேறியது.

“அக்கா, மேல போவாதீங்க. பாட்டு அழுவுற மாதிரி ஆயிடுது. லேசா கீழ எறங்கி, திரும்ப அதே எடத்துக்கு வாங்க. வெரல தூக்காதீங்க, மணிக்கட்டுதான் ஆடணும்.”

எத்தனையோ வருஷம் மேலே போய்ப் பழகிய விரல் கீழே இறங்க மாட்டேன் என்றது. வாரக்கணக்கில் மல்லுக்கட்டினாள்.

“வயலின்ல எடம் கம்மி. அண்ணன் செல்லோவ எடுத்துக்கினு வாங்க. தந்தி நீளம், அசைவு நல்லா புரியும்” என்றான்.

ஷேர் ஆட்டோவில் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு போனாள். பாலகுமார் வில்லை ஒரு இழு இழுத்துவிட்டு நிறுத்தினான்.

“மேல் தந்தி ரெண்டும் ஒரு சுரம் எறங்கிக் கெடக்குதே, யாரு எறக்குனது அக்கா?”

“எறக்கலியே தம்பி. ச, ப, ச, ப. சரியாத்தான வெச்சேன்?”

“ஐயோ அக்கா, அது ஒங்க வயலினுக்கு. இதுல ஒவ்வொரு தந்திக்கும் அடுத்த தந்தி பஞ்சமமா ஏறிக்கினே போவணும்.”

சந்திரலேகா மேல் தந்தி இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்ததென்பார்கள். இவள் பிடித்தது குரங்குகூட இல்லை, எமன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் முன்னால் நின்று கொட்டிவிட்டாள். சுருதி சேர்த்ததைச் சொன்னாள். பாலகுமாரிடம் வைப்ரேட்டோ பழகியதைச் சொன்னாள். பொய் சொன்னதையும் சொன்னாள். அன்பரசு சுவரிலிருந்து திரும்பினார்.

“நல்லா இருக்குதுன்னு ஏன் சொன்ன?”

“மனசு ஒடஞ்சிடுவீங்கன்னுதாங்க…”

“வாசி” என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்து, பாலகுமார் சரிசெய்து கொடுத்த தந்தியில் விரலை ஊன்றி அசைத்தாள்.

“மேல போற.”

மறுபடி அசைத்தாள்.

“இன்னும் துளி மேல தொடுற. கீழ எறங்கு. ம்… இப்ப வா.”

அந்தத் துளி அவளுக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

“காது நல்லாத்தான் இருக்குது” என்றார் அன்பரசு.  வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார். விரல்கள் உள்ளே மடங்கி விறைத்திருந்தன. “இத்தினி மாசமும் நான் வாசிச்சிருப்பேனே, லேகா.”

அவள் வில்லை வைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள். அந்தக் கையை வாங்கி ஒவ்வொரு விரலாக நீவி விரித்துப் பார்த்தாள். விட்டதும் அவை மடங்கிக்கொண்டன.