முழுசாக இருந்த ஒரே கிண்ணம்

அச்சகத்தில் அவரைப் 'பீங்கான்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மாதம் ஒருமுறை தலைகாட்டுவதோடு சரி. முதலாளியிலிருந்து வாசல் காவலாளிவரை எல்லோருக்கும் அவர் பீங்கான். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. பக்கத்து மெஷினில் நின்ற மனிதரைக் 'கொட்டாவி' என்று கூப்பிட்டார்கள். அதற்கு இது எவ்வளவோ மேல்.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் ஒரு புத்தகம். அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஏலக் கம்பெனி ஒன்று தன் விற்பனைப் புத்தகத்தை அச்சடிக்கக் கொடுத்திருந்தது. நூற்றிருபது பக்கம், அத்தனையும் பழைய சீனப் பீங்கான் படங்கள். நீலம் சரியாக விழவில்லை என்று மூன்று தடவை தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேற்பார்வையாளருக்கு மூக்குக்கு மேல் கோபம். "அசல் எப்படி இருக்குன்னு நீயே போய்ப் பாத்துட்டு வாய்யா" என்று இவரை விரட்டினார். இவரும் மைக்கறை படிந்த கையோடு போய், ஓர் ஆள் உயர ஜாடிக்கு முன்னால் நின்றார். வெள்ளைக்கு அடியிலிருந்து எழுந்து வருகிற நீலம் அது. மேலே பூசினது மாதிரியே இல்லை. திரும்பி வந்து மெஷினை ஓட்டினார். முதல் தாளிலேயே நிறம் கச்சிதமாக விழுந்துவிட்டது. ஏலக் கம்பெனிக்காரர்கள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நீலம் மட்டும் இவரை விட்டுப் போகவில்லை.

மெஷின் ஓட்டுகிறவன் வாங்கக்கூடிய சரக்கா அது? ஆனால் ஆசைக்கு வெட்கம் உண்டா என்ன? முழுசானதை வாங்க வக்கில்லாதவர் உடைந்ததை வாங்க ஆரம்பித்தார். பழம்பொருள் கடையின் பின்கட்டில், யாரும் சீந்தாத கூடையில் கிடப்பவை. மூடி இல்லாத ஜாடி ஒன்று, ஜாடி இல்லாத மூடி ஒன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தித் தொலைக்காது. துண்டு துண்டாகப் போனதைச் சின்ன உலோகக் கொக்கிகளால் தைத்துச் சேர்த்த தட்டு. ஒரு கையை எங்கோ தொலைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் தாடிக்காரக் கிழவர் பொம்மை. வாய் உடைந்த மூக்குப்பொடிக் குப்பி. கூடத்தில் கண்ணாடி அலமாரி ஒன்று செய்து ஒவ்வொன்றாக அடுக்கினார்.

"இது அலமாரி இல்லங்க" என்பார் மனைவி. "எலும்பு முறிவு வார்டு."

அந்த அம்மாளுக்கும் இதில் கொஞ்சம் அதிகாரம் உண்டு. அவர் ஒரு கல்லூரியின் வேதியியல் கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவி வைக்கிற வேலையில் இருந்தார். குடுவை, குழாய், அளவு ஜாடி என்று ஒரு நாளைக்கு இருநூறு உருப்படி கைமாறும். பத்தொன்பது வருஷத்தில் உடைந்தவை மூன்று. அந்த மூன்றும் எந்த வருஷம், என்ன கிழமை, யார் குறுக்கே வந்து இடித்தார்கள் என்பதுகூட அவருக்கு மனப்பாடம். கல்லூரியில் புதிதாகச் சேர்கிறவர்களிடம், "சாமான் கழுவணும்னா அந்தம்மா கையப் பாத்துக் கத்துக்க" என்று பேராசிரியர்களே சொல்வார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் அந்த அம்மாளுக்கு லேசாகத் தலை நிமிரும்.

கிண்ணம் வந்தது மகளுக்குப் பத்து வயது இருக்கும்போது. தெருமுனைக் கட்டடத்தில் ஒரு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். துணி உலர்த்தும் கவ்விகளைப் போட்டுவைத்த வெள்ளைக் கிண்ணம் ஒன்று குப்பை மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதன் வெளிப்பக்கம் ஒரு படகு, அதில் தூண்டில் போட்டுக் காத்திருக்கும் ஒரு மனிதர். இவர் கவ்விகளைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தை மூன்று விரல் நுனியில் நிறுத்தி, நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். நல்ல பீங்கானுக்கு அதுதான் சோதனை. விரிசல் இருந்தால் 'டக்' என்று செத்த சத்தம் வரும். முழுசாக இருந்தால் மணி மாதிரி இழுத்துக்கொண்டே போகும். அது போய்க்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர்களிடம் கேட்டு, அவர்கள் சிரித்துக்கொண்டே கொடுத்ததை, சட்டைக்குள் வைத்துக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தார்.

நாற்பத்தோரு உருப்படியில் முழுசாக இருந்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளுக்கு ஒரு வழக்கம் வந்தது. பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, மனைவி ஒவ்வொன்றாகக் கழுவுவார். இவர் துடைத்து அலமாரியில் வைப்பார். கடைசியாகக் கிண்ணம். துடைத்ததும் விரல் நுனியில் வைத்துச் சுண்டுவார். சத்தம் கூடத்தில் சுற்றி அடங்கும்வரை மூவரும் பேசமாட்டார்கள். அடங்கியதும், "மணி அடிச்சாச்சு, சாப்பிட வாங்க" என்று மனைவி எழுந்து போவார். வருஷக்கணக்காக அதே வேடிக்கைதான். அதற்காக யாரும் சிரிப்பதை நிறுத்தவில்லை.

இதற்கிடையில் அச்சகத்தில் நான்கு நிற மெஷின் வந்தது. அது ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் என்ன சொல்கிறார் என்பதை வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காதை அடைத்துக்கொண்டு வேலை செய்யச் சொல்லும் அறிவிப்பு ஒன்று சுவரில் தொங்கியது. அதை அச்சடித்தவரே நம்ம ஆள்தான். அச்சடித்தாரே தவிர, ஒரு நாளும் அடைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்தால் மனைவி முணுமுணுப்பதாகக் குறைப்பட்டுக்கொள்வார். டிவியில் செய்தி வாசிக்கிற பெண்கூட முன்னைப் போல வாய் திறந்து பேசுவதில்லை என்பார். உலகமே சேர்ந்து முணுமுணுக்கிறது என்று நம்பினாரே ஒழிய, தன் காதைப் பற்றி எள்ளளவும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

ஐம்பத்தாறாவது வயதில், குளிரான ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிண்ணத்தைச் சுண்டினார். டக்.

மறுபடி சுண்டினார். டக்.

"என்ன பண்ணின?"

"ஏங்க, என்ன ஆச்சு?"

"விரிசல் விட்டிருக்கு. சத்தமே வரல."

மனைவி குழம்பிப்போய்க் கிண்ணத்தைப் பார்த்தார். "இல்லையே. எப்பவும் போலத்தானே கேக்குது."

"ஒனக்கு என்ன தெரியும்? கரண்டி கீழ விழுந்தாலும் ஒனக்கு மணிதான். தண்ணி எப்படி இருந்துச்சு?"

அந்த அம்மாளுக்குப் பொய் சொல்ல வராது. தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இன்னைக்குக் கொஞ்சம் சூடாத்தான் இருந்துச்சு. குளிருதேன்னு ரெண்டு குவளை கூட ஊத்திட்டேன்."

போதாதா? இவர் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தேடினார். கோடு ஒன்றும் அகப்படவில்லை. கண்ணுக்குத் தெரிகிற விரிசலைவிடத் தெரியாத விரிசல்தான் மோசம் என்று தீர்ப்புச் சொல்லி, கிண்ணத்தைக் கடைசித் தட்டின் பின்வரிசையில் தள்ளினார். அதற்கப்புறம் அதைத் தொடவுமில்லை, சுண்டவுமில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கழுவலை அவரே தனியாகச் செய்தார். மனைவி அலமாரிப் பக்கமே போகவில்லை.

ஒரு கிண்ணத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த அம்மாளுக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கையும் போய்விட்டது. கல்லூரியில் ஒவ்வொரு குடுவையையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். பார்க்கப் பார்க்கக் கை நடுங்கியது. ஒரே மாதத்தில் இரண்டு உடைந்தன. "பசங்க ஆசிட் ஊத்துற சாமான். என் கைபட்டு விரிசல் விட்டிருந்து, எதாவது ஆயிட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர், ஓய்வுக்கு எட்டு வருஷம் மீதி இருக்கையில் வேலையை விட்டுவிட்டார். கால் வலி என்று கணவரிடம் சொன்னார். இவரும் நம்பினார். வேண்டாததை எல்லாம் நம்புவதில் இவருக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டில் அந்த அம்மாள் குடிக்கிற டம்ளர்கூட எஃகு டம்ளராக மாறியதை இவர் கவனிக்கவே இல்லை.

ஆறு வருஷம் கழித்து அந்த அம்மாள் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தார். ஒரு மதிய நேரம், இவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, கையால் சைகை காட்டிப் பக்கத்தில் கூப்பிட்டார். இவர் காதை வாயருகே கொண்டுபோனார்.

"அந்தக் கிண்ணம்... நான் தண்ணிய ஆறவெச்சிருக்கணும்."

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அட, அதப் போய் இப்பப் பேசிக்கிட்டு. போனாப் போகுது. ஒன்ன நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்" என்றார். அந்த அம்மாள் தலையசைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான்கு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. துக்கம் விசாரிக்க வந்த கொட்டாவியிடம்கூட இவர் சொன்னார்: கடைசிவரை ஒரு கிண்ணத்துக்காக வருத்தப்பட்டாள், நான் மன்னித்துவிட்டேன் என்று. அதைச் சொல்வதில் ஒரு நிம்மதி இருந்தது. நல்ல கணவனாக இருந்துவிட்ட நிம்மதி.

தனியாக இருக்க வேண்டாம் என்று மகள் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். அங்கே அலமாரி நுழைகிற அளவுக்கு இடமில்லை. நாற்பது உருப்படிகளையும் பழம்பொருள் கடைக்கே கொண்டுபோனார். கடைக்காரருக்கும் இவருக்கும் முப்பது வருஷப் பழக்கம். தான் விற்ற பழைய ஊனங்களை எல்லாம் திரும்பப் பார்த்ததில் அவருக்கும் மனசு கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் தடவித் தடவி வாங்கி வைத்தார். கடைசியில் இவர் துண்டைப் பிரித்து நாற்பத்தோராவதை எடுத்தார்.

"இத மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். விரிசல் விட்டது. தெரியாம யார் தலையிலயாவது கட்டிடாதீங்க."

கடைக்காரர் பழக்கதோஷத்தில் அதை மூன்று விரலில் நிறுத்திச் சுண்டினார். கடையின் மறுகோடியில் நிலைக்கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். ஏணிமேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்த ஆளும் திரும்பினார். கடைக்காரர் தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி அசையாமல் நின்றார். எல்லோரும் எதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று இவருக்கு விளங்கவில்லை.

"விரிசலா? எங்க இருக்கு?"

"சத்தம் வரலையே."

இந்தத் தடவை இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சுண்டினார் கடைக்காரர். பிறகு குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "அண்ணே, இது நிக்காம அடிச்சுக்கிட்டிருக்கு. ஒங்களுக்குக் கேக்கலையா?"

சொன்னதோடு நிற்காமல் இவருடைய விரலைப் பிடித்துக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்து இன்னொரு முறை சுண்டினார். விளிம்பு அதிர்ந்தது. விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல ஓடிக்கொண்டே இருந்தது. இவர் விரலை எடுக்கவில்லை. அதிர்வு நின்றபிறகும் எடுக்கவில்லை. ஏணிக்காரர் இறங்கி வந்து நாற்காலி போட்டார்.

கிண்ணத்தைத் திரும்பத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மகள் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னார். அவள் ஆச்சரியப்படவில்லை. கையிலிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க வேலைக்குப் போனப்புறம் அம்மா அதச் சுண்டிப் பாப்பாங்கப்பா. நான் வந்தா என்னையும் கூப்பிட்டு, 'ஒனக்கு எப்படிடி கேக்குது?'ன்னு கேப்பாங்க. நல்லாத்தாம்மா இருக்குன்னு சொல்லுவேன். 'எனக்கும் அப்படித்தான் கேக்குது. ஆனா அப்பாவுக்குத் தெரியாததா? நமக்குத்தான் காது பத்தல'ன்னுட்டு உள்ள வெச்சுடுவாங்க."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன்பா. ரெண்டு தடவ. நீங்க கேக்கல."

காதில் விழவில்லையா, காதில் போட்டுக்கொள்ளவில்லையா என்று அவள் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

மறு வாரம் மகள் அவரைக் காது மருத்துவரிடம் அழைத்துப் போய் மெஷின் வைத்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, மகள் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் துண்டை விரித்து வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்தார். முழங்கையைத் தண்ணீரில் வைத்துச் சூடு பார்த்தார். கழுவித் துடைத்து, மூன்று விரலில் நிறுத்தி, சுண்டினார்.

வந்தது. ஆறு வருஷமோ ஏழு வருஷமோ, எப்போது நின்றதோ, அதே சத்தம் இழுத்துக்கொண்டே வந்தது. படகும் தூண்டில்காரரும் விரல்மேல் நடுங்கினார்கள். அடங்கும்வரை இவர் காத்திருந்தார். அடங்கிய பிறகு சாப்பிடக் கூப்பிட யாரும் இல்லை.

"நீ ஒடைக்கலம்மா" என்றார். "நீ ஒண்ணுமே பண்ணல."

மெல்லத்தான் சொன்னதாக நினைத்தார். ஆனால் அந்தக் குரல் சுவரில் மோதித் தன்மேலேயே வந்து விழுந்ததும் தூக்கிவாரிப் போட்டது. நான்கு நிற மெஷினுக்கு மேலே எழும்புகிற குரல் அது. கிண்ணத்தை மேடைமேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். மகள் ஓடி வந்தாள்.

"ஏம்பா கத்துறீங்க?"

அவர் கையை எடுத்தார். இந்த முறை உதடு மட்டுமே அசைகிற அளவுக்கு, பயந்து பயந்து கேட்டார்.

"அம்மாகிட்ட எப்பவும் இப்படித்தான் பேசினேனா?"

மகள் துண்டை எடுத்துக் கிண்ணத்தை இன்னொரு தரம் துடைத்தாள். துடைக்க அதில் ஈரம் இல்லை.

"ஆமாம்பா" என்றாள்.