பாறை மேலே ஒரு நீலப் புள்ளி

என் மனைவியின் கைபேசிக்குள் அவளுக்குத் தெரியாமல் ஒரு வேவுக் கண்ணை ஒளித்து வைத்தவன் நான். அந்தக் கண்தான் என் மகளைக் கொன்றது.

பாம்பு கொன்றது என்று ஊர் சொல்கிறது. மஞ்சுளாவின் அசட்டை கொன்றது என்று என் அக்கா சொல்கிறாள். மஞ்சுளாவும் அதையேதான் நம்புகிறாள். உண்மை என்னிடம் மட்டும் இருக்கிறது...

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? சொல்ல வேண்டியவளிடம் சொல்லத் துணிவில்லை, அதனால்தான். நீங்கள் முகம் தெரியாதவர். படித்து முடித்துக் காறித் துப்பினாலும் அது என் மேல் வந்து விழாது. பார்த்தீர்களா, குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதுகூட எனக்கு ஆபத்தில்லாத இடமாகத் தேடிக்கொள்கிறேன்!

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால். பஸ் போகும் தார்ச் சாலையில் இறங்கி மேடேறி வரவேண்டும். சாமை விதைப்போம், புளி உலுக்குவோம். அது வயிற்றுக்குப் போதாத காலங்களில் ஆண்கள் மலையை விட்டு இறங்கிவிடுவோம். நான் திருப்பூருக்குப் போனேன். பனியன் கம்பெனியில் தையல் வேலை. மஞ்சுளாவும் எங்கள் ஒரே மகள் யாழினியும் மலையில் இருந்தார்கள். யாழினிக்கு அப்போதுதான் பால்வாடிக்குப் போகிற வயது.

எங்கள் ஊரில் வீடுகளுக்குள் டவர் கிடைக்காது. ஊருக்கு மேலே, காட்டோரமாக ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறினால் கிடைக்கும். அதனாலேயே அதற்கு டவர்ப் பாறை என்று பெயர். வெளியூர் போன ஆண்களின் மனைவிமார் பொழுது சாயும் வேளையில் அங்கே ஏறிப் பேசிவிட்டு இறங்குவார்கள். மஞ்சுளாவும் அப்படித்தான் தினமும் ஏறினாள். எனக்காக!

அறையில் என்னோடு தங்கியிருந்த ஒருவன், தன் மனைவி எங்கே போகிறாள், வருகிறாள் என்பதையெல்லாம் கைபேசியிலேயே பார்த்துக்கொண்டிருப்பான். என்னையும் சீண்டுவான். பெண்டாட்டியைக் காட்டில் விட்டுவிட்டு இங்கே குறட்டை விடுகிறாயே, நீ பெரிய மகான்தான் என்பான். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகும் அந்தப் பேச்சு உள்ளே கிடந்தது. மஞ்சுளா எனக்கு என்ன குறை வைத்தாள்? ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை! குறை முழுக்க என் மனத்தில் இருந்தது.

அடுத்த விடுப்பில் ஊருக்குப் போனபோது அவள் கைபேசியை வாங்கினேன். யாழினியின் படங்களைப் பார்க்கிறேன் என்றேன். குழந்தை என் மடியில் உட்கார்ந்து, "இத பாருப்பா, அத பாருப்பா" என்று விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளை மடியில் வைத்துக்கொண்டேதான் அறை நண்பன் வைத்திருந்த அந்த வேவுச் செயலியை ஏற்றினேன். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை இருப்பிடம் தெரியவேண்டும் என்று அது கேட்டது. நிமிடத்துக்கு ஒருமுறை என்று அழுத்தினேன். சார்ஜ் நிறையக் குடிக்கும் என்று அறை நண்பன் முன்பே சொல்லியிருந்தான். குடிக்கட்டுமே என்று நினைத்தேன்.

திருப்பூர் திரும்பியதும், வரைபடத்தில் அவள் இருக்கும் இடத்தைக் காட்டும் அந்த நீலப் புள்ளிதான் எனக்குச் சோறும் தூக்கமும் ஆகிவிட்டது.

மஞ்சுளா பாறையில் இருந்து பேசுவாள். குழந்தை என்ன தின்றாள், எங்கே விழுந்தாள், மாடு கன்று போட்டதா என்றெல்லாம் சொல்லிவிட்டு, இருட்டுகிறது, இறங்குகிறேன் என்பாள். நான் உடனே வரைபடத்தைத் திறப்பேன். புள்ளி பாறை மேலேயே இருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்பேன். அப்போதும் பாறை மேலேதான்! இறங்குகிறேன் என்றவள் ஏன் இறங்கவில்லை? அந்த இருட்டில் காட்டோரத்தில் அவளுக்கு என்ன வேலை? யாரோடு வேலை?

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். பாறையை விட்டு இறங்கியதும் டவர் போய்விடும். டவர் போனால் அவள் இருக்கும் இடம் எனக்கு எப்படி வந்து சேரும்? கடைசியாகக் கிடைத்த இடத்திலேயே புள்ளி நின்றுவிடும். அவள் வீட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பாள், குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள், நானோ அவளைப் பாறையில் உட்காரவைத்து யாரோடெல்லாமோ பேசவைத்துக்கொண்டிருந்தேன். கடைசியாக எப்போது தெரிந்த இடம் என்பதைப் புள்ளிக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் அல்லன். நூலகப் புத்தகம் கிடைத்தால் கீழே வைக்காதவன். டவர்ப் பாறையிலேயே வளர்ந்தவன். இருந்தும் அந்தச் சின்ன எழுத்தை நான் படிக்கவில்லை... படிக்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

அவள் ஒருநாள் சொன்னாள்: "இன்னாங்க, இந்த போன்ல சார்ஜே நிக்க மாட்டேங்குது. காலையில போட்டா சாயங்காலம் செத்துப் போவுது."

பழைய பேட்டரி அப்படித்தான் இருக்கும், பொங்கலுக்குப் புதுசு வாங்கி வருகிறேன் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தப்பிக்க வழி இருந்தால் தப்பித்துவிடுவேன்.

மழைக்காலம். முந்தின நாள் காற்றில் மரம் சாய்ந்து ஊரில் கரண்ட் இல்லை. ஜமுனாமரத்தூரில் சந்தை நாள் என்பதால் வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மஞ்சுளா சாமைக்கொல்லையில் இருந்தாள். வரப்போரம் விளையாடிய யாழினியைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். கைபேசியை எடுத்துக்கொண்டாள். காலையில் பார்த்தபோது பாதிக்கு மேல் சார்ஜ் இருந்ததாம். அவளுக்கு முன்னால் இரண்டு வழிகள். கீழே இறங்கித் தார்ச் சாலையில் ஏதாவது வண்டிக்குக் காத்திருக்கலாம். அல்லது மேலே பாறைக்கு ஏறி ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு, அது சாலைக்கு வருவதற்குள் இறங்கிவிடலாம். அவள் பாறைக்கு ஏறினாள். சரியான முடிவு. நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்!

பாறை மேல் நின்று எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. எடுத்தார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள். அவள் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கைபேசி அணைந்துவிட்டது.

வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளை நிமிடத்துக்கு நிமிடம் தேடித் தேடி, டவர் இல்லாத வீட்டிலிருந்து எனக்குச் செய்தி அனுப்பப் பார்த்துப் பார்த்து, அந்தக் கருவி தன் உயிரையெல்லாம் எனக்காகச் செலவழித்துவிட்டிருந்தது. என் மகளுக்கென்று அதில் மிச்சம் ஒன்றுமில்லை.

மறுபடி அத்தனை மேட்டையும் இறங்கி, வீட்டைத் தாண்டி, சாலைக்குப் போய்... ஆலங்காயம் பக்கம் போன ஒரு லோடு வண்டி ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலை எட்டும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. பாறைக்கு ஏறி இறங்கிய நேரம் கையில் இருந்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் வரைபடத்தைத் திறந்தேன். புள்ளி பாறை மேல் இருந்தது. பட்டப்பகலில்! என்னோடு பேசுகிற வேளை அதுவல்ல. என்னை அழைப்பாளா என்று பார்த்தேன். அழைக்கவில்லை. நான் அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது குரல். ஓ, அணைத்தே வைத்துவிட்டாளா!

சோற்றைத் தொடவில்லை. மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே, மேசைக்கடியில் புள்ளியைப் பார்த்துப் பார்த்துக் கொதித்தேன். ஊருக்குப் போய் அவளை என்னென்ன கேட்கவேண்டும், எப்படி நாறடிக்கவேண்டும், எந்த வார்த்தையால் முதலில் அடிக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். என் குழந்தை தன் தாயின் தோளில் வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்த நேரம் அது. நான் அவளைப் பெற்றவளுக்கு வசவு தேடிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா மகன் ஒருவன் எங்கள் ஊருக்குச் சில கிலோமீட்டர் தள்ளிச் சாலையோரம் கடை வைத்திருக்கிறான். பைக்கும் உண்டு, அங்கே டவரும் உண்டு. போய்ப் பாறையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாடா என்று அவனிடம் சொல்ல எண்ணை எடுத்தேன். பிறகு மானம் போய்விடுமே என்று வைத்துவிட்டேன். அய்யோ, வைத்துவிட்டேனே! என் அயோக்கியத்தனத்தை முழுசாகச் செய்திருந்தால்கூட அவன் பைக்கில் மஞ்சுளாவுக்கு எதிரே வந்திருப்பான், என் மகள் பிழைத்திருப்பாள். அதற்கும் கோழையாகிப்போனேன்.

பொழுது சாயும்போது அவனே அழைத்தான். "அண்ணா" என்று தொடங்கி அழுதான். நான் அவனைப் பேசவிடவில்லை.

"தெரியும்டா. எல்லாம் எனக்குத் தெரியும். பாறையிலதான இருக்கா?"

"இல்லண்ணா... ஆஸ்பத்திரில இருக்கறாங்க அண்ணி. பாப்பா போயிட்டா."

நான் ஊர் போய்ச் சேர்ந்ததும் முதலில் என்ன செய்தேன் என்று கேளுங்கள். குழந்தையின் முகத்தைப் பார்த்தேன், மண் போட்டேன். எல்லாரும் குளிக்கப் போன சமயத்தில் மஞ்சுளாவின் கைபேசியை எடுத்துச் சார்ஜில் போட்டு அந்தச் செயலியைத் துடைத்தெறிந்தேன். தடயத்தை அழித்தேன். துக்கத்துக்கு நடுவில் எனக்கு அந்தப் புத்தி வேலை செய்தது!

அதோடு விட்டிருந்தாலும் பாவம் ஒன்றோடு போயிருக்கும். ஆனால் உறிஞ்சிக்கொண்டிருந்தது போய்விட்டதால் கைபேசியில் சார்ஜ் நாள்கணக்கில் நின்றது. மஞ்சுளா அதைக் கவனித்தாள். அதுவரை, பாழாய்ப்போன பேட்டரி, பாழாய்ப்போன பேட்டரி என்று அழுதுகொண்டிருந்தவள், அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"போனு நல்லாத்தாங்க இருக்குது. முந்தாநேத்து போட்ட சார்ஜு இன்னும் எறங்கல. அப்ப நான்தான் டார்ச்ச அணைக்காம இன்னாவோ பண்ணி வெச்சிருக்கேன். என் புள்ளைய நானே சாவடிச்சிட்டேங்க."

கைபேசியை வாங்கி மாடத்தில் வைத்துவிட்டு, அழாதே என்றேன்.

காரியத்தன்று ஊர் கூடியிருக்கையில் என் அக்கா வாயைத் திறந்தாள். கைக்குழந்தை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு போனில் சார்ஜ் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காதவள் ஒரு தாயா என்று கேட்டாள். மஞ்சுளாவோ, ஆமாம், தப்பு என்னுடையதுதான் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டாள். ஊர்க்கவுண்டர் என் பக்கம் திரும்பி, உனக்கு அவள்மேல் ஏதாவது பிராது உண்டா என்று கேட்டார்.

அந்த ஒரு நொடி எனக்குக் கொடுக்கப்பட்டது. இதைப் படிக்கிற நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

"அவ மேல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க. நான் மன்னிச்சிட்டேன்" என்றேன்.

மன்னித்துவிட்டேனாம்! நான்! இப்படிப்பட்ட மனசு யாருக்கு வரும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். மஞ்சுளா எழுந்து வந்து என் காலில் விழுந்தாள். அவள் கண்ணீர் பாதத்தில் சுட்டது. நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு திருப்பூருக்குப் போகவில்லை. இங்கேயே கொல்லையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். போன் விவரம் தெரிந்தவன் என்று பெண்கள் தங்கள் கைபேசியைக் கொண்டு வருகிறார்கள். நீங்கள் இருக்கும் இடம் யாருக்கெல்லாம் போகிறது என்று பாருங்கள், உங்களுக்குத் தெரியாமல் எவனுக்கும் போகக்கூடாது, புருஷனாக இருந்தாலும் சரி என்கிறேன். காட்டுக்குப் போகிறபோது நம்பிக்கையான ஒருவருக்கு நீங்களே தெரியப்படுத்துங்கள், வேலை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள், மழைக்காலத்தில் சார்ஜை வீணாக்காதீர்கள் என்கிறேன். நல்லவனாட்டம் பேசுகிறேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

போன வாரம் சாமைக்கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்தோம். மஞ்சுளா திடீரென்று நிமிர்ந்து நின்றாள். கையில் பிடுங்கிய களை இருந்தது.

"நீங்க அன்னிக்கு என்ன நாலு அடி அடிச்சிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். ஒரு வார்த்த கேக்கலியே நீங்க... அதாங்க என்னால தாங்க முடியல."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. சுற்றிலும் யாரும் இல்லை. நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவள் பாரம் இறங்கிவிடும், எனக்குத் தெரியும். ஆனால் இறங்கிய பிறகு அவள் என்னை ஒரு பார்வை பார்ப்பாளே...

"வெயில் ஏறுது. வெரசா களையப் புடுங்கு" என்றேன்.

"சரிங்க" என்று அவள் குனிந்துகொண்டாள்.