இசைவாணியின் நான்கு அட்டைகள்

அழகுமீனாவின் கழுத்தில் தொங்குகிற அட்டையில் ‘சிறப்புப் பயிற்றுநர்’ என்று போட்டிருக்கும். ஊருக்குள் ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை. சுருட்டிய பாயையும் பெரிய பந்தையும் வண்டியில் கட்டிக்கொண்டு திருத்தங்கலிலிருந்து கிளம்புகிறவளை ‘ஸ்கூட்டி டீச்சர்’ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒரு நாள் தாயில்பட்டிப் பக்கம், மறுநாள் எம். புதுப்பட்டிப் பக்கம். மொத்தம் பதினோரு பள்ளிக்கூடம். நடக்க முடியாத பிள்ளை, காது கேட்காத பிள்ளை, எழுத்து மனசில் நிற்காத பிள்ளை என்று அத்தனை பேருக்கும் அவள் ஒருத்திதான். பதினான்கு வருஷமாக ஒப்பந்த வேலை. ஏப்ரல் நெருங்கினாலே, அடுத்த வருஷத்துக்கு வேலையை நீட்டிக்கிற ஆர்டர் வருமா வராதா என்ற பயம் வந்துவிடும்.

அது பழகிப்போன பயம். பழகாத பயம் ஒன்று அவளுக்கு இருந்தது. அதன் பெயர் அருணாதேவி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அருணாதேவி எட்டாம் வகுப்பு. கை கால் விறைத்துக்கொள்கிற பிள்ளை. ‘வீட்டுவழிக் கல்வி’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. பிள்ளையின் பெயர் பள்ளிக்கூடத்தில் இருக்கும், பிள்ளை வீட்டில் இருக்கும், பயிற்றுநர் வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பார். தாளில் பார்த்தால் எவ்வளவு அழகாக இருக்கிறது! கூட்டம் போட்டார்கள், எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், பிள்ளை கைநாட்டு வைக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. அருணாதேவி முஷ்டியை இறுக்கிக்கொண்டாள். விறைப்பில் இறுகிய முஷ்டியா, வேண்டாமென்று இறுக்கிய முஷ்டியா? அழகுமீனா அதைக் கேட்கவில்லை. மணிக்கட்டை உள்பக்கம் மடக்கி, கட்டைவிரலின் அடியைப் பிடித்து மெதுவாக வெளியே இழுத்தால் எப்பேர்ப்பட்ட முஷ்டியும் இளகிவிடும். அது அவள் படித்த வித்தை. இளக்கி, மையில் தொட்டு, வைத்தாள்.

இப்போது அருணாதேவிக்கு எழுத்தெல்லாம் மறந்துவிட்டது. முழங்கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. அழகுமீனா போனால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். பாவி, உன் கையால்தானே வைத்தாய் என்று வண்டியில் வரும்போது அழகுமீனா தன்னையே ஏசிக்கொள்வாள்.

இந்த வருஷம் அதே தாள் இசைவாணிக்காக வந்து நின்றது.

இசைவாணி ஒன்பதாம் வகுப்பு. மூளை முடக்குவாதம். இரண்டு கையும் மார்போடு மடங்கிக் கிடக்கும். ஒரு வார்த்தை சொல்ல, நாம் ஒரு டம்ளர் காபி குடிக்கிற நேரம் ஆகும். ஆனால் வலது கால் இருக்கிறதே, அது ராஜா! கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே பென்சிலைக் கவ்வி ஒன்பதாம் வாய்ப்பாடு எழுதிவிடும்.

அவளுடைய அப்பா இருளாண்டியும் அம்மா அய்யம்மாளும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். இருளாண்டிக்கு மருந்து செலுத்துகிற வேலை, அதாவது வெடிக்குள் வெடிமருந்தை நிரப்புவது. கம்பெனி வேன் ஏழரைக்கு வரும், பள்ளிக்கூடம் ஒன்பதுக்குத்தான் திறக்கும். இவளைப் பைக்கில் நடுவே உட்கார்த்தி, கொண்டுவந்து, படியேற்றித் தூக்கி வைத்துவிட்டுப் போவதற்குள் கம்பெனி கேட்டைச் சாத்திவிடுவார்கள். பிள்ளை வருஷத்துக்கு வருஷம் கனக்கிறாள், அவருக்கு இடுப்பு வருஷத்துக்கு வருஷம் தேய்கிறது. அவரைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

தலைமையாசிரியர் தங்கப்பாண்டியனும் கெட்டவரில்லை. “பத்தாம் வகுப்பு மேல மாடியிலதான் மேடம் இருக்கு. லிஃப்ட் கிடையாது. பரிச்சையில அவ சொல்றத எழுத ஆள் போட்டா, அவ சொல்றது அந்த ஆளுக்குப் புரியணுமில்ல? வீட்டுலயே இருக்கட்டும், பாவம்” என்றார். அந்தப் ‘பாவம்’ என்ற சொல்லைக் கேட்டால் அழகுமீனாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விருதுநகரில் ஒரு பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: பிள்ளையைப் பற்றிய திட்டக் கூட்டத்தைப் பிள்ளையே நடத்தலாம். என்னால் என்ன முடியும், எது கஷ்டம், என்ன உதவி வேண்டும், அடுத்து என்ன ஆக வேண்டும் என்று அதுவே சொல்லும், பெரியவர்கள் கேட்பார்கள். கூட வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அழகுமீனா சிரிக்கவில்லை. கடைசித் துரும்பாக அதைப் பிடித்துக்கொண்டாள்.

நான்கு அட்டை. அட்டைக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு வார்த்தை. இசைவாணி பாயில் உட்கார்ந்து, ஒவ்வோர் அட்டையாகக் காலால் முன்னே தள்ளி, வார்த்தையைச் சொல்ல வேண்டும். கனமான அட்டைக்கு எங்கே போவது? அழகுமீனாவின் புருஷன் ஜெயபாண்டி காலண்டர் அச்சடிக்கிற ஆபீஸில் மெஷின்மேன். கலர் விலகிப்போய்க் கழித்துப்போட்ட அட்டைகள் வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. நல்ல கெட்டி அட்டை, பின்பக்கம் வெள்ளை. நான்கை எடுத்து, வெள்ளைப் பக்கத்தில் இசைவாணியையே காலால் வரையவைத்தாள். ஆறு வாரம், வியாழக்கிழமை தோறும், சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். ஒருதடவை கூடப் பிசகவில்லை.

கூட்டத்தன்று காலை ஒன்பதரை. தலைமையாசிரியர் அறையில் பாய் விரித்து இசைவாணியை உட்கார்த்தினார்கள். தங்கப்பாண்டியன் நாற்காலியில். அய்யம்மாள் சுவரோரம். இருளாண்டி நின்றுகொண்டே இருந்தார். மாரியம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டியிருந்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, தோளில் மஞ்சள் துண்டு. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

“வா...ங்...க” என்றாள் இசைவாணி. கூட்டம் ஆரம்பமாகிவிட்டது.

முதல் அட்டையைக் காலால் தள்ளினாள். வளைந்து நெளிந்த எண்கள். “க...ணக்கு.”

“பதினேழு ஆறு எவ்வளவு?” என்றார் தங்கப்பாண்டியன், சும்மா.

“நூ...த்தி... ரெண்...டு.”

அவர் மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அழகுமீனாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாவது அட்டை மாடிப்படி, ‘கஷ்டம்’. இசைவாணிக்கும் உற்சாகம் வந்துவிட்டது போல, கால் கொஞ்சம் வேகமாக உதைத்தது. அட்டை துள்ளிப் புரண்டு மல்லாந்தது. அது நழுவிவிடாமல் இருக்க அவள் சட்டென்று குதிகாலால் அழுத்திப் பிடித்தாள்.

குதிகாலுக்குக் கீழே சிவப்புப் புடவையும் வேப்பிலையுமாக மாரியம்மன். கலர் விலகியதில் நாலு கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயோ, ஆத்தா!” என்று கத்திக்கொண்டு குனிந்தார் இருளாண்டி. அந்தக் காலில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. பத்து வருஷமாகப் பிள்ளையைத் தூக்கிச் சுமந்த கை. நான்கு அட்டையையும் வாரி, ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றி, பீரோவுக்கு மேலே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

“என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீக? காப்புக் கட்டியிருக்கேன் டீச்சர். தெனமும் ஆத்தாளக் கும்பிட்டுட்டுத்தான மருந்துல கை வைக்கேன்? அவ கண்ணு பாத்துத்தான சாயந்தரம் முழுசா வீட்டுக்கு வாரேன்? எம்புள்ளைய அவ மூஞ்சியிலயே மிதிக்கவிட்டுட்டீகளே! ஆறு வாரமா இதத்தான் சொல்லிக் குடுத்தீகளா?”

அழகுமீனா பீரோவுக்கு மேலே பார்த்தாள். எப்படித் தெரியாமல் போனது? அச்சாபீஸ்காரர் வீடு அப்படி. அங்கே சாமி கட்டுக்கட்டாக வருவாள். பழைய பேப்பர்க்காரன் எடை போட்டு எடுத்துப் போவான். சோற்றுப் பானைக்கு மூடி, ஜன்னல் சந்துக்கு அடைப்பு, ஆடுகிற கட்டிலுக்கு முட்டு, எல்லாம் அந்த அட்டைதான். மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பழக்கமே அவளுக்குப் போய்விட்டது. தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர் வீட்டில் அது அட்டை இல்லை என்பதை அவளல்லவா யோசித்திருக்க வேண்டும்?

“மன்னிச்சுக்கோங்க, என் தப்பு” என்று ஆரம்பித்தவள், பதற்றத்தில் நிறுத்தவே இல்லை. இசைவாணிக்குப் படிப்பு வரும் என்றாள். வகுப்பைக் கீழே மாற்றலாம் என்றாள். சக்கர நாற்காலிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், அவள் பேச்சு புரிகிற ஆளாகவே பரீட்சைக்குப் போடலாம், வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் என்றாள். மூன்றாவது அட்டை, நான்காவது அட்டை எல்லாவற்றையும் அவளே கொட்டித் தீர்த்தாள். குரல் உடைந்து அழுகையே வந்துவிட்டது.

தங்கப்பாண்டியன் முழுசாகக் கேட்டுவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார். “கூட்டத்த அந்தப் பொண்ணு நடத்தும்னு சொன்னீங்க மேடம். பத்து நிமிஷமா நீங்கதான பேசுறீங்க? பரிச்சையிலயும் இப்படித்தான் ஆகும். அதத்தான நானும் சொல்றேன்?”

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அந்த மனுஷன் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லையே!

தாள் வந்தது. இரண்டு கட்டம்: ‘பள்ளியில் தொடர’, ‘வீட்டுவழிக் கல்வி’. கையெழுத்தெல்லாம் ஆன பிறகு தலைமையாசிரியர் ஒன்றில் குறி போடுவார். கீழே கையெழுத்துக்கு இடம். இருளாண்டி யாரையும் பார்க்காமல் போட்டார். அய்யம்மாள் போட்டாள். பிறகு தாளையும் மைப்பெட்டியையும் பாயில் கொண்டுவந்து வைத்து, “கைய விடு தாயி” என்று மகளின் கையைப் பிடித்தாள். இசைவாணி முஷ்டியை இறுக்கினாள். அய்யம்மாள் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றைப் பிரித்தால் மற்றது இறுகியது. பிள்ளையின் முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

“எனக்கு வரமாட்டேங்குது. டீச்சர், உங்களுக்குத்தான் தெரியும், நீங்க பிடிங்க” என்றாள் அய்யம்மாள்.

எல்லோரும் அழகுமீனாவைப் பார்த்தார்கள். மணிக்கட்டை உள்பக்கம் மடக்க வேண்டும். கட்டைவிரலின் அடியைப் பிடிக்க வேண்டும். அரை நிமிஷ வேலை. அவள் பாயில் உட்கார்ந்தாள். கை தானாக நீண்டது. அருணாதேவியின் சுவரைப் பார்த்த முதுகு ஞாபகத்துக்கு வந்தது. நீட்டிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நான் பிடிக்கமாட்டேன்” என்றாள். ஆர்டர் போனால் போகட்டும். “இசைவாணி, இது உன் கூட்டம். நான் பேசினது தப்பு. நீ சொல்லு. நாங்க இருக்கோம்.”

பிறகு வாயை மூடிக்கொண்டாள். அடேயப்பா, அதுதான் எவ்வளவு கஷ்டம்! இசைவாணியின் தலை ஆடியது, உதடு கோணியது, சத்தம் வரவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். தங்கப்பாண்டியன் தொண்டையைச் செருமினார். வெளியே மணி அடித்து, பிள்ளைகள் ஓடி அடங்கினார்கள். அந்த வார்த்தையைத் தான் சொல்லிவிட வேண்டுமென்று அழகுமீனாவின் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

“அப்...பா” என்றாள் இசைவாணி.

இருளாண்டி திரும்பினார்.

“கா...லு... இ...ல்ல.” மூச்சு வாங்கினாள். அடிபட்ட காலை அவர் பக்கமாகத் தூக்கிக் காட்டினாள். “கை.”

அய்யம்மாள்தான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, “ஆமங்க. ஸ்விட்ச அதுலதான போடுவா. செவ்வாக்கெழம ஆத்தா படத்துக்குப் பூவக் கூட அதுலதான எடுத்து எங்கையில தாரா. நான் வாங்கித்தான போடுதேன்” என்றாள்.

இருளாண்டி தன் கையை, அந்தக் காலை அடித்த கையை, பார்த்துக்கொண்டு நின்றார்.

இசைவாணி அதற்குள் காலை இறக்கிவிட்டாள். கட்டைவிரலை மைப்பெட்டியில் தொட்டாள். தாள் நகர்ந்தது; இடது காலால் அதைப் பிடித்துக்கொண்டாள். வலது கட்டைவிரலை ‘பள்ளியில் தொடர’ என்ற கட்டத்தில் வைத்து, நடுங்க நடுங்க அழுத்தி எடுத்தாள். கட்டத்தை மீறி, நீலமாக, பெரிதாக விழுந்தது.

தங்கப்பாண்டியன் எட்டிப் பார்த்தார். “கால் ரேகையெல்லாம் செல்லாதே மேடம்” என்றார், வருத்தமாகத்தான்.

“அது காலு இல்ல சார்” என்றார் இருளாண்டி.

தோளில் கிடந்த மஞ்சள் துண்டை எடுத்துப் பாயின்மேல் விரித்தார். பீரோ மேலிருந்த அட்டைகளை இறக்கி, ஒருதடவை கண்ணில் ஒற்றினார். வெள்ளைப் பக்கம் மேலே தெரியும்படி ஒவ்வொன்றாகத் துண்டின்மேல், மகளின் காலுக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தார். “இன்னும் ரெண்டு அட்ட இருக்கு சார். எம்புள்ள முடிக்கட்டும். அதுக்குப் பெறகு எழுதுங்க.” சொல்லிவிட்டு, கூட்டம் தொடங்கியதிலிருந்து நின்றுகொண்டே இருந்த மனுஷர், பாய் ஓரத்தில் உட்கார்ந்தார்.

தங்கப்பாண்டியன் கடிகாரத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு, மேலே என்ன என்பதுபோல அழகுமீனாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்து தன் மடியைப் பார்த்தபடி இருந்தாள், வாயைத் திறக்கவில்லை.

அவர் நாற்காலியை இழுத்துப் பாய்க்குப் பக்கத்தில் போட்டு, குனிந்து, இசைவாணியிடம் கேட்டார்:

“மூணாவது என்னம்மா?”