இத்தா முடிந்த நாள்

கற்கண்டை இன்றைக்கும் நான் வாயில் வைப்பதில்லை. வேண்டாம் என்று தள்ளினால், "பெரிய சீமாட்டிதான்" என்று வீட்டில் கேலி பேசுவார்கள். பேசட்டும். எட்டு வயதில் நான் செய்த காரியம் எனக்கல்லவா தெரியும்!

கந்தப்பளையில் முன்னால் வாப்பாவின் பலசரக்குக் கடை, பின்னால் எங்கள் வீடு. வாப்பாவின் தம்பி, என் சாச்சா, தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறியோடு பள்ளத்தில் விழுந்து மௌத்தானபோது அவர் மனைவி சாச்சிக்குப் பத்தொன்பது வயது, வயிற்றில் ஐந்து மாதம். அன்றே வெள்ளை உடுத்தி, புருஷனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில் பின்னறையில் உட்கார்ந்துவிட்டாள். வாசலைத் தாண்டக் கூடாது, வேற்று ஆண்கள் கண்ணில் படக் கூடாது. என்னோடு ஓடிப் பிடித்து விளையாடிய சாச்சியை இப்படி அடைத்து வைத்துவிட்டார்களே என்று எனக்கு அப்படியொரு ஆத்திரம்.

"நாலு மாசம் பத்து நாளு. வயித்துல புள்ள இருந்தா அது பொறக்குற அன்னைக்கே முடிஞ்சிரும்" என்றார் உம்மா.

"முடிஞ்சதும் ஒன்னைய நானுஓயாவுக்குக் கூட்டிட்டுப் போயி ரயிலு காட்டுறேன்டி" என்றாள் சாச்சி. அவ்வளவுதான், நான் பிஸ்கட் டின்னில் தினமும் ஒரு தேயிலைக் கொட்டை போட ஆரம்பித்தேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது வாப்பா உம்மாவிடம் சொன்னார்: "தம்பி புள்ள கையில இருந்தா அவ ஆயுசுக்கும் இங்கேயே இருக்கலாம். ஒத்தையில நின்னா, நான் இருக்கிற வீட்டுல எப்படிம்மா வச்சுக்கிறது? ஊரு சும்மா இருக்குமா?"

கதவுக்குப் பின்னால் சாச்சி நின்றிருந்தாள். அன்றிலிருந்து வயிற்றிலிருந்து கையை எடுக்கவேயில்லை. வயிற்றுவலியாக்கும் என்று நினைத்தேன்.

டின்னில் அறுபத்தொரு கொட்டைகள் சேர்ந்திருந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தோட்டத்து மருத்துவச்சி பீலித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தாள். உம்மா அவளிடம், "இத்தாவும் இன்னையோட முடிஞ்சிருச்சு" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அப்படியென்றால் பாப்பா பிறந்துவிட்டது! உம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏது நேரம்?

கடையில் வாப்பா இல்லை. கற்கண்டுப் போத்தலைத் தூக்கிக்கொண்டு, சாமான் வாங்க நின்ற தோட்டத்துப் பெண்களுக்கெல்லாம் கைகையாய் அள்ளிக் கொடுத்தேன். "எங்க சாச்சிக்கு இத்தா முடிஞ்சிருச்சு! பாப்பா பொறந்திருச்சு!"

"நல்லாருக்கட்டும் கண்ணு. ஆம்பளப் புள்ளயா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா!" என்று கூசாமல் சொன்னேன்.

மிச்சக் கற்கண்டோடு பின்னறைக்கு ஓடினேன். சாச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "வாயத் தொறங்க சாச்சி!" அவள் திரும்பி என்னையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். நான் போட்டேன். அவள் அதைத் துப்பவில்லை.

"யா அல்லாஹ்! அடிப்பாவி!" உம்மாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அதுவரை என்னை அடித்ததே இல்லை. பிள்ளை மூச்சில்லாமல் பிறந்ததையும், அதை வெள்ளைத் துணியில் சுற்றி வாப்பா மையவாடிக்கு எடுத்துப் போயிருப்பதையும் அடித்துக்கொண்டே சொன்னார்.

"அடிக்காதீங்க மதினி. அது என்னத்தக் கண்டுச்சு" என்றாள் சாச்சி, வாயில் கற்கண்டோடு.

நாற்பது நாள் கழித்து மாத்தளையிலிருந்து சாச்சியின் அண்ணன் வந்தார். எல்லோரும் நானுஓயாவுக்குப் புறப்பட்டோம். சாச்சி பச்சைச் சேலை கட்டியிருந்தாள். எனக்கோ தலைகால் புரியவில்லை. ரயில் புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது.

"பாத்தியா, சொன்ன மாதிரி காட்டிட்டேன்." என்னை முத்தமிட்டுவிட்டு அண்ணன் பின்னாலேயே சாச்சி ஏறினாள். வண்டி நகர்ந்தது.

"வாப்பா, சாச்சி இன்னும் எறங்கலயே!" என்று அலறினேன். வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் டின்னைக் கவிழ்த்துக் காலியாக்கினேன். சாச்சி திரும்பி வரும் நாளுக்கென்று முதல் கொட்டையைப் போட்டேன்.