சுபஹான் பாயின் பரங்கிக்காய்

பரங்கிக்காயின் மேல் காதை வைத்து விரலால் தட்டுகிறார் அப்துல் சுபஹான் பாய். டொக், டொக். "பேசுது சார்! வெட்டிடலாம்!" ஆறடி மனுஷர் ஒரு காய்க்குக் குனிந்து காது கொடுப்பதைப் பார்க்கவே மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் நின்றுவிடுகிறார்கள்.

தொழில் பன்னும் ரொட்டியும். காலை ஒன்பதுக்குக் கடைசித் தட்டு வெளியே வந்துவிட்டால், சவுக்குக் கட்டை எரிந்த அடுப்பில் சூடு மட்டும் மிச்சம். முன்பெல்லாம் அது சும்மா போகும். இப்போது அதற்குள் பரங்கிக்காய் போகிறது. இரண்டாகப் பிளந்து, விதையெடுத்த குழியில் பப்பாளி, கொய்யா, உடைத்த வேர்க்கடலை, கொஞ்சம் வெல்லம், ஒரு கரண்டி நெய். ஒரு மணி நேரத்தில் தெருவே மணக்கிறது, அடேயப்பா!

சொல்லிக்கொடுத்தது, எதிர் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த, காலில் கொலுசு போட்ட ஒரு வெள்ளைக்காரம்மா. "பரங்கிக்காரி குடுத்த பரங்கிக்கா சார்!" இதை என்னிடம் மட்டும் நாலு தடவை சொல்லிவிட்டார். நாலு தடவையும் முதலில் சிரித்தவர் அவரேதான்.

சைதூன் அவருக்கு ஒரே மகள், ஆறு வயது. மாலைக்கண். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவித்தான் நடப்பாள். "அப்ப பட்ட பேஜாரு சார், சோறே எறங்கல." ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த நர்ஸ் ஜெசிந்தா, மஞ்சள் காயும் பழமும் தினம் வயிற்றுக்குள் போகவேண்டும், கூடவே நெய்யோ எண்ணெயோ சேரவேண்டும், இல்லாவிட்டால் சத்து உடம்பில் ஒட்டாது என்றார். குழந்தையோ பரங்கிக் குழம்பைக் கண்டாலே துப்பும். பழத்தோடு சுட்டு ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வைத்ததும் தட்டை வழித்துவிட்டாள். அன்று பிடித்தது பாய்க்கு இந்தப் பைத்தியம். பன் வாங்க வருகிறவர்களையும் விடுவதில்லை. "ஏ வைட்டமின் கீது, துன்னு பாரு அண்ணாத்த!"

தினம் பொழுது சாயும்போது வீட்டில் ஒரு பரீட்சை. "வெளக்கப் போடாத ராபியா!" என்று மனைவியைத் தடுத்துவிட்டு, மகளுக்கு எதிரே உட்கார்ந்து விரலை நீட்டுவார். இரண்டு மாதமாக அவளும் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நேற்று நானும் இருந்தேன். மாவு பிசைந்துவிட்டு வந்தவர், கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கே எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது.

"இது எத்தினி, சொல்லு கண்ணு?"

"மூணு."

"குத்துமதிப்பா சொல்றா," என்றார் ராபியா.

சைதூனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இல்லம்மா! நடு வெரலுல மாவு ஒட்டிகினு கீது பாரு!"

பாய் விரலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். செருப்புகூடப் போடாமல், அந்த மூன்று விரலையும் மடக்காமலே தெருவில் இறங்கி ஓடினார்.