வெடித்தாளில் வந்த முதல் வரி

பசை காய்ந்து விறைத்துப்போன ஒரு துண்டுத் தாள் என்னிடம் இருக்கிறது. அதில் என் பெயரும், நான் எழுதிய முதல் கதையின் முதல் வரியும் அச்சாகியிருக்கின்றன: "எங்கள் தெருவில் தீபாவளிக்கு யாரும் வெடி போடுவதில்லை." இந்த வரியை மாற்றச் சொல்லி இன்றுவரை ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நானும் மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கணினியில் தட்டச்சு செய்யும் வேலை எனக்கு. ஒரு பட்டாசுக் கம்பெனிக்குத் தீபாவளி மலர் அடித்தோம். பக்கம் நிரம்பாமல் போகவே, "நீயே ஒரு கதை எழுதிக் குடு தாயி" என்றார் முதலாளி. சீசன் நெருக்கடியில் அதைப் படித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. அச்சடித்த தாள்களை ஆளுயரத்துக்கு அடுக்கிய பிறகுதான் ஒன்றைக் கையில் எடுத்தார். முகம் கறுத்துவிட்டது.

"வெடி விக்கிறவுக மலர்ல வெடி போட மாட்டோம்னா ஆரம்பிப்பாக? நெலா, மத்தாப்பு, அத்தை மகன்னு ஆரம்பி. உள்ள என்னத்தையும் எழுதிக்கோ. ஒத்த வரிதானே?"

ஒத்த வரிதான். ஆனால் என் மதினியை அவருக்குத் தெரியாது. என் அண்ணன் மனைவி. மலர் கேட்ட அதே பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் தாள் சுற்றப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் கம்பெனி வேனில் அவள் மாத நாவல்களைச் சத்தமாக வாசிப்பாள், மற்ற பெண்கள் கேட்பார்கள். நிலாவில் ஆரம்பித்தால், "மூடி வைக்கா, ஒறக்கம் வருது" என்று ஒருத்தி சொல்லிவிடுவாள். அதோடு அந்தப் புத்தகத்தின் ஆயுசு முடிந்தது. அவர்களிடம் போய் நான் நிலாவைக் காட்டுவதா? அதோடு, என் வரி நிஜம். மதினியின் தங்கை எங்கள் தெருவில்தான் வாக்கப்பட்டிருந்தாள். ஒரு வெடிவிபத்தில் போய்விட்டாள். அந்த வருஷத்திலிருந்து எங்கள் தெருவில் யாரும் திரி கிள்ளியதில்லை.

"கதையவே எடுத்துருங்க அண்ணாச்சி. வரிய மாத்த மாட்டேன்" என்றேன். எடுத்துவிட்டார். அந்த இடத்தில் அதிரசம் செய்முறை போட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். அச்சில் பெயர் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

அடித்த தாள்களை முதலாளி கழிவு விலைக்குத் தள்ளிவிட்டார். எங்கள் ஊரில் கழிவுத்தாள் எங்கே போகும், வெடி சுற்றத்தான் போகும். மலருக்கு ஆர்டர் கொடுத்த அதே கம்பெனிக்குப் போனது.

ஒரு சாயங்காலம் மதினி வேனை விட்டு இறங்கி நேரே என்னிடம் வந்தாள். தூக்குச்சட்டிக்குள்ளிருந்து இந்தத் துண்டை எடுத்து நீட்டினாள். பட்டை பட்டையாக நறுக்கி வந்த தாளில் பசை தடவும்போது என் பெயரைப் பார்த்திருக்கிறாள். வரியை உரக்க வாசித்ததும் வெளியூர்ப் பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டுச் சூழ்ந்துகொண்டார்களாம்.

"ஏன் போட மாட்டாகன்னு என்னைய உலுக்கி எடுத்துட்டாளுக. எனக்கா தெரியாது? ஆனாலும் எழுதுனவ சொல்லுவான்னுட்டேன்." அவள் கண் கலங்கியிருந்தது. "மீதியக் குடு."

கையால் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் கம்பெனி வாசலில் வேன் நின்ற பிறகும் ஒருத்தியும் இறங்கவில்லை என்று டிரைவர் என்னிடம் வந்து சண்டை போட்டார்.

போன வாரம்கூட ஒரு பதிப்பாசிரியர், அந்தக் கதையின் ஆரம்பத்தைக் கொஞ்சம் இதமாக வைக்கலாமே என்றார். மேசையில் இந்தத் துண்டுத்தாள் கிடந்தது. இதில் கை வைக்க வேண்டுமானால் முதலில் என் மதினியிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.