ஜெர்மன் ஆட்டத்தில் என் மனிசி

இன்று லண்டன் வெம்பிளி மண்டபத்தில் எங்கள் ஜெர்மன் நாட்டுப்புற நடனம்.

வட்டமாக ஆடும்போது பெண்கள் அடுத்த ஆணின் கையைப் பிடிக்க வேண்டும். பயிற்சியில் என் மனிசி ஒருநாளும் பிடிக்கவில்லை.

"பிற ஆம்பிளையின்ரை கையோ? என்னாலை ஏலாது!"

"இன்றும் வட்டம் உடைந்தால் உங்கள் இருவரையும் இனிக் குழுவில் சேர்க்கமாட்டேன்" என்று ஆசிரியை ஹெல்கா சொல்லிவிட்டார்.

ஆட்டம் தொடங்கியது. மனிசி என்னை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போனாள். அந்த வெள்ளைக்காரர் கை நீட்டினார். இவள் கும்பிட்டாள். அவரும் கும்பிட்டார். தாளம் தப்பவில்லை! பிறகு வட்டம் முழுவதுமே கும்பிட்டுக் கும்பிட்டுச் சுற்றியது. சனம் எழுந்து நின்று கைதட்டியது. இனி இப்படித்தான் ஆடவேண்டுமாம், ஹெல்காவே சொல்கிறார்.

சுற்றி வந்தவள் என்னையும் கும்பிட்டாள்.

"இஞ்சாரும், நான் உம்மடை மனிசன்!"

"ஓம், காலைப் பாத்து வையுங்கோ."

கலியாணத்தன்றுகூட இவள் என்னைக் கும்பிடவில்லை, எனக்கு நல்ல நினைவு. உங்கள் வீடுகளில் எப்படி?